வரதராஜாவுக்கு வந்த கடிதம்

அத்தியாயம் 17

புல்லர் மலைப் பந்தயத்தின் இறுதி ஓட்டத்தில் லக்சிகா இரண்டாவதாக வந்ததையும், கீழே வந்து நின்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் ஓடிவிட்டது. மலையில் பனி கரையத் தொடங்கிவிட்டது. டண்டினொங் புறநகரில் அவள் வீட்டில் சரஸ்வதி பூசைக்குக் கடலை ஊறிக்கொண்டிருந்தது.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. லக்சிகாவுக்குப் பதினெட்டு வயது. பனிச்சரிவில் பலகைமேல் நின்று சறுக்கி இறங்கும் பந்தயக்காரி. அவளுடைய பந்தயத்தில் குட்டிக்கரணம் எதுவும் கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடம். ஒன்றில் சிவப்புக் கொடிகள், மற்றதில் நீலக் கொடிகள். இரண்டு பேர் ஒரே நொடியில் புறப்பட்டு, கொடிகளை வளைந்து வளைந்து சுற்றி இறங்குவார்கள். யார் முதலில் கீழே வருகிறாரோ அவருக்கு வெற்றி. எல்லாம் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த அரை நிமிடத்துக்காக அவள் ஆறு குளிர்காலம் விடியுமுன் எழும்பியிருக்கிறாள்.

ஒரு பருவத்தில் ஒருத்தியின் மிகச் சிறந்த இரண்டு முடிவுகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் நாலு பெண்களைப் பனிச்சறுக்குச் சங்கம் கடல் தாண்டி ஒஸ்ரியாவுக்கு அனுப்பும். இங்கே வெயில் தொடங்க அங்கே குளிர்காலம்; அது முழுவதும் பயிற்சி. அந்த நாலுக்குள் வராதவர்களை, பதினெட்டு வயதுக்கு மேல், சங்கம் காத்து வைத்திருப்பதில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாலு பெயர்களும் வந்தன. லக்சிகாவின் பெயர் இல்லை.

அவள் குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தாள். போனை மேசையில் குப்புற வைத்தாள்.

"அம்மா, நான் செலெக்ற் ஆகேல்லை."

நாகேஸ்வரி கழுவிக்கொண்டிருந்த வாழையிலையோடு திரும்பினாள். ஸ்பிரிங்வேலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவள் அவள். பூசைக்காக லீவு போட்டிருந்தாள்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? நீ செக்கண்ட் எல்லோ வந்தனீ?"

"வந்தனான்."

"நியூசிலாந்திலயும் நல்லா வந்தனீ எண்டு சொன்னாய்."

"ஓம். ஃபிஃப்த்."

"பிறகென்ன?"

"தெரியேல்லை அம்மா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. பருவம் முடியும்வரை புள்ளிப் பட்டியலைப் பார்க்கக் கூடாது என்பது பயிற்சியாளரின் கட்டளை. பார்த்தால் கால் நடுங்கும் என்பார். அதனால் அவள் விரல்விட்டு மட்டும் எண்ணியிருந்தாள். அந்த எண்ணிக்கையில் மூன்றாவதாக வந்தாள். எப்படி எண்ணினாலும் மூன்றாவதாகவே வந்தாள். பயிற்சியாளருக்கு மூன்று தரம் போன் எடுத்தாள். அவர் விமானத்தில் இருந்தார்.

"அப்ப நான் நினைச்ச அளவுக்கு நான் இல்லைப் போல" என்றாள். "போர்டை விக்கப் போறன். பின்னேரம் மூண்டு மணிக்கு ஒரு ஆள் வந்து பாக்கும்."

"எந்தப் போர்டை?"

"என்ர போர்டைத்தான்."

"அது கும்பத்துக்கு முன்னால கிடக்கு."

ஓம், அது அங்கேதான் இருந்தது. வரவேற்பறையின் மூலையில் பூசைக்கு வைத்த கும்பம். அதன் முன்னால் புத்தகங்கள், லக்சிகாவின் மடிக்கணினி, அப்பா வரதராஜா பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கான லைசென்ஸ். பின்னால் சுவரில் சாய்த்து, ஆளை விட உயரமான அந்தப் பந்தயப் பலகை. நுனியில் சந்தனமும் குங்குமமும். முதல் வருடம் நாகேஸ்வரி தயங்கினாள். காலுக்குக் கீழே போகிற சாமானை அம்மாளுக்கு முன்னால் வைக்கலாமா? பிறகு, "அவளுக்கு அதுதானே புத்தகம்" என்று தானே துடைத்து வைத்தாள்.

"நாளைக்கு விஜயதசமி. விடிய எடுத்துக் குடு" என்றாள் இப்போது.

"அம்மா, அது வெறும் போர்ட்."

"இண்டைக்கு இல்லை."

லக்சிகா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் நாகேஸ்வரி இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். மெதுவாகச் சாத்தினாள்.

கணவனிடம் சொல்லலாம் என்று நாகேஸ்வரி கராஜுக்குப் போனாள். வரதராஜா காருக்குள் இருந்தார். என்ஜின் ஓடவில்லை. கையில் போன். அவளைக் கண்டதும் அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையைச் சேர்க்கேல்லையாம்."

"ம்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"இல்லை. இப்பதான்…"

"காட்டுங்கோ அந்தப் போனை."

முப்பது வருடம் ஒருவருக்கு மனைவியாக இருந்தவளுக்கு எந்த "ம்" எப்படிப்பட்டது என்று தெரியும். அவர் போனைக் கொடுத்தார். காலையில் வந்த மின்னஞ்சல். நாகேஸ்வரி ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

அன்புள்ள வரதராஜா, இந்தப் பருவத்தில் நீங்கள் காட்டிய திறமைக்கு எங்கள் வாழ்த்துகள். பெண்கள் பிரிவில் நீங்கள் ஒன்பதாம் இடம் பெற்றிருக்கிறீர்கள். இம்முறை அணியில் இடமளிக்க முடியாததற்கு வருந்துகிறோம். ஆட்சேபம் இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

அவள் மறுபடியும் வாசித்தாள்.

"இது உங்களுக்கோ?"

"ஓம்."

"பெண்கள் பிரிவிலயோ?"

"ஓம்."

"நீங்கள் எப்பயப்பா பனியில சறுக்கினனீங்கள்? அந்தக் கார்ப் பார்க்கில வழுக்கி விழுந்தீங்களே, அதுக்கோ ஒன்பதாமிடம்?"

வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். இன்று ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பியூட்டர் பிழை. பிள்ளைக்குச் சொல்லாத நாகேஸ். இண்டைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம் எண்டுறன்."

நாகேஸ்வரி திரும்பி வந்து கடலையை அடுப்பில் வைத்தாள். உப்புப் போட்டாளா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் தரமும் போட்டாள். பெண்கள் பிரிவில் வரதராஜா. நல்ல நாளும் அதுவுமாய் இது என்ன கூத்து?

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது.

பலகை வாங்க வந்தவன் என்று நினைத்து, நாளைக்கு வரச் சொல்லும் எண்ணத்தோடு நாகேஸ்வரி கதவைத் திறந்தாள். வாசலில் நின்றது பிரயொனி. லக்சிகாவோடு ஆறு வருடமாக ஒரே மலையில் பழகும் பெண். செம்பட்டை முடி, வெயில் சுட்ட மூக்கு. மலைக்கு லக்சிகாவோடு கட்டிவிடும் ரொட்டிப் பார்சலில் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும். அது பிரயொனிக்கு. யார் அப்படி வைக்கச் சொன்னது என்று நாகேஸ்வரிக்கே ஞாபகமில்லை.

"அன்ரி, லக்சி இருக்கிறாளா? போனை எடுக்கிறாள் இல்லை."

மூச்சு வாங்கியது. ரயிலில் வந்து, பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்து வந்திருக்கிறாள். கையில் நாலாக மடித்த தாள்.

லக்சிகா அறையிலிருந்து வந்தாள். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். நாகேஸ்வரி பாதி கேட்டும் பாதி முகம் பார்த்தும் விளங்கிக்கொண்டாள்.

"முழுப் பட்டியலையும் பார்த்தியா?" என்று கேட்டாள் பிரயொனி.

"இல்லை. நாலு பெயரைப் பார்த்தேன். அது போதும்."

"பார்." அவள் தாளை மேசையில் விரித்தாள். "ஏழாவது நீ. லக்சிகா வரதராஜா. உனக்கு ஒரே ஒரு முடிவுதான் போட்டிருக்கிறார்கள், நியூசிலாந்து. ஒன்பதாவதைப் பார். வரதராஜா லக்சிகா. அந்த ஆளுக்கும் ஒரே ஒரு முடிவு. புல்லர், இரண்டாமிடம்."

லக்சிகா குனிந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இது யார்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். புல்லரில் அரையிறுதியில் எனக்குப் பக்கத்துத் தடத்தில் இறங்கியது நீ. என்னை வென்றது நீ. இந்த வரதராஜாவை நான் மலையில் கண்டதே இல்லை."

"அது அப்பான்ர பேர்" என்றாள் லக்சிகா, தமிழில், யாருக்கென்று இல்லாமல்.

மூன்று பேரும் திரும்பினார்கள். வரதராஜா கராஜ் கதவடியில் நின்றார்.

பள்ளியிலும் பல் வைத்தியரிடமும் "வரதராஜா" என்று கூப்பிட்டால் எழும்பிப் போய்ப் பழகியவள் லக்சிகா. மலையில் முடிவுப் பலகையில் பெயர் முன்பின்னாகக் கிடந்தாலும் அவள் பொருட்படுத்தியதே இல்லை. வெள்ளைக்காரர் எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிடுவாள். இந்தத் தடவை அப்படி எழுதியது வெள்ளைக்காரர் இல்லை.

"அப்பா?"

"ஃபோம் நிரப்பினது நான்தான்" என்றார் வரதராஜா. "உனக்குப் பன்னிரண்டு வயசில. முதல் பெட்டியில ஒரு பேர், ரெண்டாவது பெட்டியில ஒரு பேர் கேட்டிருந்தவை. எங்கட ஆக்கள் அப்பான்ர பேரைத்தானே முன்னுக்குப் போடுறது. வ. லக்சிகா. அப்பிடியே எழுதினனான்."

"அது பழசு அப்பா. பதினாறில நான் பாஸ்போட்டைப் பாத்து சரியா ரெஜிஸ்ரர் பண்ணினனான்."

"பழசும் கிடக்கு. ஒவ்வொரு ஏப்ரலும் புதுப்பிக்கிறதோ எண்டு எனக்கு வரும். பிள்ளைக்குத் தேவை எண்டு நான் ஓம் எண்டு அமத்துவன்."

பிரயொனிக்கு லக்சிகா மொழிபெயர்த்தாள். பிரயொனி தலையில் கை வைத்தாள். மலையில் பந்தயம் நடத்தும் புல்லர் கழகம் தன்னுடைய பழைய உறுப்பினர் பட்டியலை வைத்தே பெயர் பதிகிறது. வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு லக்சிகா தானே பதிகிறாள். ஆக, மலையில் வென்றதெல்லாம் வரதராஜாவுக்கு. கடல் தாண்டி வென்றது லக்சிகாவுக்கு. ஒரே கால்கள்தான், ஆனால் சங்கத்தின் கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்கள். இரண்டு பேருமே அணிக்குப் போதாதவர்கள்.

"சரி, பிழை நடந்திட்டுது" என்றாள் லக்சிகா. அவள் குரலில் காலையில் இல்லாத உயிர் வந்திருந்தது. "அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இப்பவே எழுதுவம். அப்பா, அந்தப் பழைய கணக்கு உங்கட ஈமெயில்தானே? நீங்கள்தான் எழுதோணும்."

வரதராஜா கராஜ் கதவைச் சாத்தினார்.

"அப்பா?"

"இண்டைக்கு சரஸ்வதி பூசை" என்றார் அவர். "எழுதப் படிக்கக் கூடாது. லாப்ரொப்பும் கும்பத்தடியில கிடக்கு. எடுக்கக் கூடாது."

லக்சிகா அவரையே பார்த்தாள். காலையில் கராஜில் அவர் போனில் வாசித்ததை நாகேஸ்வரி நினைத்தாள். அதுவும் வாசிப்புத்தான்.

"உங்களுக்கு இது முதலே தெரியுமா?" என்றாள் லக்சிகா மெல்ல.

"போன வருசம் ஒரு சேர்டிபிகேற் வந்தது. என்ர பேருக்கு. அப்பதான் விளங்கினது."

"போன வருசமா? ஒரு வருசமா சொல்லாமல் இருந்தனீங்களா?"

"தானாச் சரிவரும் எண்டு…"

"நான் போதாது எண்டு நினைச்சன் அப்பா! காலையில இருந்து நான் போதாது, எனக்கு ஏலாது எண்டு நினைச்சுக்கொண்டு படுத்திருந்தனான்!"

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு வளவுக்குள் போனாள். துணி காயும் கம்பியடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிரயொனி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கும்பத்தைப் பார்த்தாள்.

நாகேஸ்வரி கணவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"போய்ச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"ஏன் பயம் எண்டதை. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது."

அவர் போனார். புல்லில் செருப்பில்லாமல் நடந்து போய் மகளுக்கு இரண்டடி தள்ளி நின்றார். அகதியாகப் படகில் வந்த மனிதர் அவர். இந்த நாட்டில் முதன்முதலில் அவர் பெயரைக் கேட்டு எழுதியவர் அதைப் பிழையாக எழுதிவிட்டார். திருத்தித் தாருங்கள் என்று வரதராஜா கேட்டார். நேர்மையாகத்தான் கேட்டார். உடனே கோப்பு நின்றுவிட்டது. எது உண்மையான பெயர், ஏன் இரண்டு பெயர், யார் அந்த மற்ற ஆள் என்று கேள்விமேல் கேள்வி. பதினாலு மாதம். வவுனியாவில் நாகேஸ்வரியும் குழந்தையும் அந்தப் பதினாலு மாதமும் கூடுதலாகக் காத்திருந்தார்கள்.

"நீங்கள் ரெண்டு பேரும் வந்து இறங்கேக்க உனக்கு ஏழு வயசு" என்றார் வரதராஜா. "எயார்போட்டில நான் ஓடி வந்தன். நீ அம்மான்ர சீலைக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு, ‘இந்த அங்கிள் ஆரம்மா?’ எண்டு கேட்டனீ. அண்டைக்கு நினைச்சன், இனி இந்த நாட்டில ஒரு பேரையும் திருத்தக் கேக்கக் கூடாது. பிழையாக் கிடந்தாலும் கிடக்கட்டும். திருத்தப் போனால் கைக்குள்ள இருக்கிறதும் போகும்."

லக்சிகா திரும்பவில்லை.

"நீ புல்லரில ரெண்டாவதா வந்ததும் எனக்குள்ள அந்தப் பயம்தான் பிள்ளை. நான் ஒண்டு எழுத, இருக்கிற பேரையும் வெட்டிப்போடுவினமோ எண்டு."

"எனக்கு அது ஞாபகமில்லை" என்றாள் லக்சிகா. "அங்கிள் எண்டு சொன்னது."

"எனக்கு ஞாபகம்."

உள்ளே குசினியில் வேறொரு சிறிய காரியம் நடந்தது. வந்த பிள்ளையைச் சும்மா இருத்தக் கூடாதென்று நாகேஸ்வரி ஒரு கிண்ணத்தில் சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தாள். பூசைக்கு வைத்த கடலையை மட்டும் தொடவில்லை. பிரயொனி சாப்பிடும்போது, மேசையில் கிடந்த தாளை நாகேஸ்வரி கையில் எடுத்தாள். பெயர்களை மேலிருந்து விரல் வைத்துக் கொண்டு வந்தாள். நாலாவது பெயரில் விரல் நின்றது.

"பிள்ளை, இது நீ?" என்றாள் அரைகுறை ஆங்கிலத்தில்.

பிரயொனி வாயில் சோற்றோடு தலையாட்டினாள்.

"லக்சி மேல வந்தா?"

பிரயொனி விழுங்கினாள். அஞ்சு விரலைக் காட்டினாள். தோளைக் குலுக்கினாள். சிரிக்கப் பார்த்தாள், அது முகத்தில் சரியாக வரவில்லை.

நாகேஸ்வரி தாளை மேசையில் வைத்தாள். மகளுக்கு இதைச் சொன்னால் அவள் எழுத விடமாட்டாள். சொல்லாவிட்டால் ஐந்து மணிக்குள் எல்லாம் நல்லபடி முடியும். ஒரு தாய் அந்த இடத்தில் என்ன செய்வாள்? அவள் கும்பத்தைப் பார்த்தாள். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் சப்பாத்தைப் பார்த்தாள். டண்டினொங் ஸ்ரேசனிலிருந்து நடந்து வந்த சப்பாத்து.

"லக்சிகா!" என்று கூப்பிட்டாள். "அப்பாவையும் கூட்டிக்கொண்டு இஞ்ச வா."

அவர்கள் வந்ததும் விரலை நாலாவது பெயரில் வைத்துக் காட்டினாள். அவ்வளவுதான் செய்தாள்.

லக்சிகா வாசித்தாள். பிரயொனியைப் பார்த்தாள்.

"இது தெரிந்துகொண்டுதான் வந்தியா?"

"எனக்கு எண்ணத் தெரியும்."

"அப்போ ஏன் வந்தாய்? உனக்கென்ன பைத்தியமா?"

"தெரியாது." பிரயொனியின் காது சிவந்தது. "ரயிலில் ஏறுகிற வரைக்கும் வரத்தான் வேண்டும் என்று இருந்தது. ஏறின பிறகு திரும்பிப் போகலாம் என்று இருந்தது. வழியில் ரிச்மண்டில் இறங்கப் பார்த்தேன். சனம் கூடுதல், இறங்க முடியவில்லை."

லக்சிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நான் எழுதேல்லை" என்றாள், இரண்டு மொழியிலும். "விடுங்கோ. அடுத்த வருசம் பாப்பம்."

"உனக்கு அடுத்த வருடம் இல்லை" என்றாள் பிரயொனி. "எனக்குப் பதினேழு. எனக்கு இருக்கிறது. நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். என் எழுத்து உன் எழுத்தைவிட மோசம்."

எல்லோரும் வரதராஜாவைப் பார்த்தார்கள். எழுத வேண்டியது அவர்தான். கணக்கு அவருடையது. மணி நாலு பத்து.

"எழுதக் கூடாத நாள்…" என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார்.

நாகேஸ்வரி கும்பத்தடியில் குந்தினாள். இரண்டு கையாலும் மடிக்கணினியை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் முன்னால் வைத்தாள். மூடியில் குங்குமப் பொட்டு ஈரமாக இருந்தது.

"அம்மாளுக்கு முன்னால இருந்தே எழுதுங்கோ. உண்மையை எழுதினால் அவ கோவிக்க மாட்டா. கோவிச்சால் நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் நிலத்தில் சம்மணமிட்டு இருந்தார். இரண்டு விரலால் தட்டினார். லக்சிகா எழுத்துப்பிழை பார்த்தாள். வரதராஜா என்ற பெண் இல்லை. நான் லக்சிகாவின் தகப்பன். ஆறு வருடங்களுக்கு முன் படிவத்தை நிரப்பியது நான். பிழை என்னுடையது, மகளுடையது அல்ல. ஒரு வருடமாகத் தெரிந்தும் சொல்லவில்லை.

"கடைசி வரி வேண்டாம் அப்பா" என்றாள் லக்சிகா.

"கிடக்கட்டும்."

நாலு முப்பத்தெட்டுக்கு அனுப்பினார். அனுப்பிய விரலை என்ன செய்வதென்று தெரியாதவர்போல முழங்காலில் வைத்துக்கொண்டார்.

பதிலை இன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு வந்துவிட்டது. லக்சிகா உரத்து வாசித்தாள்.

"அன்புள்ள வரதராஜா. உங்கள் ஆட்சேபம் கிடைத்தது. நாலு பெயர்களும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. இரண்டு வீராங்கனைகளும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடவுச்சீட்டுடன் நேரில் வரவேண்டும்…"

"ரெண்டு வீராங்கனையுமோ?" என்றாள் நாகேஸ்வரி. "இவருக்கு அந்த இறுக்கமான உடுப்பும் போடோணுமோ?"

முதலில் சிரித்தது பிரயொனிதான், என்னவென்று விளங்காமலே. பிறகு லக்சிகா. வரதராஜாவின் மனம் கடவுச்சீட்டு என்ற சொல்லிலேயே நின்றிருந்தது. ஆனால் அவரும் கடைசியில் மூக்கால் சிரித்தார்.

"இன்னும் இருக்கு" என்றாள் லக்சிகா. சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக வாசித்தாள். "புல்லர் அரையிறுதியில் நீலத் தடத்தில் இறங்கியது யார் என்பதை, சிவப்புத் தடத்தில் இறங்கிய வீராங்கனை நேரில் வந்து உறுதிப்படுத்த வேண்டும். அவர் வராவிட்டால் ஆட்சேபம் ஏற்கப்படாது."

சிவப்புத் தடத்தில் இறங்கியவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கிழமையா?" என்றாள். "அப்பாவிடம் கேட்க வேண்டும். அவருக்கு நான் இங்கே வந்ததே தெரியாது."

தாளைக் கொண்டுவந்து கொடுப்பது ஒன்று. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, தன்னைத் தானே பட்டியலிலிருந்து அழிப்பது வேறொன்று. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. யாரும் அவளை வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

வரதராஜா கொக்கியிலிருந்து கார்த் திறப்பை எடுத்தார்.

"வா பிள்ளை. ஸ்ரேசனில விடுறன்."

லக்சிகாவும் ஏற, மூவரும் போனார்கள். ஸ்ரேசனில் பிரயொனி இறங்கும்போது வரதராஜா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் தேடி எடுத்துச் சொன்னார். "நீ வந்தால் நல்லது. வராட்டியும், என்ர வீட்டில உனக்குச் சாப்பாடு இருக்கு. இது ரெண்டும் வேற வேற."

அவள் தலையாட்டினாள். திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனாள்.

லக்சிகா முன் கதிரைக்கு மாறி ஏறினாள்.

"வருவாளோ அப்பா?"

"தெரியேல்லை பிள்ளை."

"வந்தால் அவள் ஒஸ்ரியாவுக்குப் போகேலாது."

"ஓம்."

"வராட்டி நான் போகேலாது."

"ஓம்."

வீட்டில் நாகேஸ்வரி விளக்கேற்றி முடித்திருந்தாள். பலகை பார்க்க வருவதாகச் சொன்னவன் வரவேயில்லை; பலகை அங்கேயே நின்றது. மடிக்கணினி மறுபடி கும்பத்தடிக்குப் போய்விட்டது. கடலையில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. கற்பூரத் தட்டை மகளிடம் நீட்டி, "கேக்கிறதைக் கேள் பிள்ளை" என்றாள்.

லக்சிகா கண்ணை மூடினாள். பிரயொனி வரவேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. வரக்கூடாது என்று கேட்கவும் மனம் வரவில்லை. எனக்கு இடம் கொடு என்று கேட்டால், அது யாருடைய இடம்? சுடர் இமைக்கு மேல் சிவப்பாக ஆடியது. அம்மாவும் அப்பாவும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில், அந்தப் பிள்ளை பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவளுடைய அப்பா அவளை ஏசக் கூடாது என்று மட்டும் கேட்டுவிட்டு, லக்சிகா கண்ணைத் திறந்தாள்.